எட்டாவது பட்டம்

"அம்மா, ஒருத்தனை லேசா இடிக்கலாமுங்களா?"

சென்னியப்பன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார்.

கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சாரதாமணி அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓட்டு வீடும் கொஞ்சம் தோட்டமுமாக இருந்தார் அவர். வயதில் சென்னியப்பனைவிடச் சின்னவர்தான். ஆனாலும் மனசு குழம்பியவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

"எதுல வெச்சு இடிக்கறீங்கண்ணா?"

"கார்லதாங்க."

கார் பந்தயத்தில் ஏழு முறை சாம்பியன் சென்னியப்பன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த சீசனோடு நிறுத்திவிடுவதாக முடிவு. எட்டாவது பட்டத்தை வாங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது ஆசை.

குறுக்கே நின்றவன் ரிஸ்வான். பொள்ளாச்சிக்காரன். போன வருஷமே தண்ணி காட்டியவன்.

"இப்ப புள்ளியில நான்தான் முன்னாடி இருக்கேன். ஞாயித்துக்கெழம கடைசிப் பந்தயம். அதுல அவன் ஜெயிச்சா பட்டம் அவனுக்கு. ரெண்டு பேருமே பாதியில நின்னுட்டா எனக்கு. முதல் வளைவுல லேசாத் தட்டிவிட்டாப் போதும், ரெண்டு காரும் மணல்ல போயி உக்காந்துக்கும்கறாரு எங்க மேனேஜர். யாருக்கும் அடிபடாது. தெரியாமப் பட்ட மாதிரியே இருக்கும்."

அம்மா தண்ணீர்க் குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.

"அந்தத் தம்பி எப்படி ஓட்டுவாப்ல?"

சென்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரிஸ்வான் பிரேக்கை எவ்வளவு தாமதமாக மிதிப்பான், எந்த வளைவில் உள்ளே நுழைவான், கோபம் வந்தால் கார் எப்படி ஆடும். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாத்தி நிறைந்து வழிந்தது.

"இதையெல்லாம் எப்பப் பாத்தீங்க?"

"அவன் முன்னாடி போறப்போ பின்னால இருந்து பாப்பேன்."

"நீங்க முன்னாடி போறப்போ?"

"கண்ணாடியில பாப்பேன்."

"அப்ப ரோட்டை எப்பண்ணா பாப்பீங்க?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

அம்மா ஒரு கை கத்தரிக்காயைப் பறித்து அவரிடம் நீட்டினார்.

"பிஞ்சா இருக்கு. எண்ணெய்க் கத்தரிக்கா வெக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை.

சிவப்பு விளக்குகள் அணைந்தன. கார்கள் பாய்ந்தன. முதல் வளைவில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது ரிஸ்வானின் பின்சக்கரம்.

காதுக்குள் மேனேஜரின் குரல். "இப்ப! இப்ப!"

சென்னியப்பன் ரோட்டைப் பார்த்தார்.

முந்தின நாள் மழையில் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று கிடந்தது. வளைவின் உள்ளோரத்தில் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. இத்தனை வருஷம் ஓட்டியும் அதை அவர் கவனித்ததே இல்லை. காரை அதில் செருகினார். இடிக்கவில்லை, உரசக்கூட இல்லை. முன்னே போய்விட்டார்.

"என்னங்க பண்றீங்க?" மேனேஜர் கத்தினார்.

"ஓட்டறேன்."

அடுத்த நேர்ப்பாதையில் ரிஸ்வான் முந்தினான். அதற்கடுத்த வளைவில் இவர். மறுபடி அவன். மறுபடி இவர். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜனம் எழுந்தது; அப்புறம் உட்காரவே இல்லை. மற்ற கார்களெல்லாம் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தன.

"வா! வாடா! அப்படித்தான்!" என்று யாரோ ஹெல்மெட்டுக்குள் கூவிக்கொண்டிருந்தார்கள். அது தன் குரல்தான் என்பது சென்னியப்பனுக்குச் சற்று நேரம் கழித்தே தெரிந்தது.

கோட்டை இரண்டு கார்களும் ஒன்றாகவே தொட்டன. யார் முதல் என்று நடுவர்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை.

ரிஸ்வான். ஒரு முழம் வித்தியாசம். பட்டமும் அவனுக்கே.

சென்னியப்பன் காரிலிருந்து குதித்து ஓடினார். அடிக்கத்தான் போகிறார் என்று பயந்து மேனேஜரும் பின்னாலேயே ஓடினார். ஆனால் அவர் ரிஸ்வானை ஹெல்மெட்டோடு அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்டதும், பக்கத்தில் நீண்ட மைக்கில், "இதோட நிறுத்திக்கறேனுங்க" என்றார். மூச்சு வாங்கியது. சிரிப்பும் நிற்கவில்லை.

மறுநாள் காலை அம்மா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே சென்னியப்பன் சத்தம் போட்டார்.

"தோத்துட்டேனுங்கம்மா!"

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலீங்களே."

அவர் பின்னாலேயே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, புது சாம்பியன் வந்தான். வழி நெடுக அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. இவரு பாட்டுக்கு நிறுத்திக்கறேன்கறாரு. அடுத்த சீசன்ல அண்ணன் இல்லாம நான் யாரை ஜெயிக்கறது?"

சென்னியப்பன் ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு ரிஸ்வானிடம் கேட்டார்.

"நேத்து கடைசி ரவுண்டுல யாரை ஜெயிச்சுட்டு இருந்தீங்க தம்பி?"

"அது வந்துங்க..."

ரிஸ்வான் நின்றான். யோசித்தான். தூக்கி வைத்திருந்த முகம் மெல்ல இறங்கியது.

"ஞாபகமே இல்லீங்களே!"

சென்னியப்பன் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்குந்தாண்டா!"