ஏழுக்குச் சொந்தக்காரர்

மாவு மில் அமலநாதனுக்கு எதற்கும் ஒரு குற்றவாளி வேண்டும். மாவு கொரகொரவென்று விழுந்தால் கோதுமை சரியில்லை. கோதுமை நன்றாக இருந்தால் கரண்ட் சரியில்லை. கரண்ட்டும் ஒழுங்காக வந்துவிட்டால், அரைக்க வந்தவர் கொண்டுவந்த தூக்குவாளியே சரியில்லை என்பார். மற்றபடி தங்கமான மனுஷன். எடையில் ஒருநாளும் கை வைத்ததில்லை.

நாற்பது வயதைத் தாண்டியபின் அவருக்குத் துப்பாக்கி சுடும் ஆசை வந்தது. திண்டுக்கல்லில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தார். அங்கே பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை. அட்டையில் வளையங்கள், நடுவில் ஒரு புள்ளி. பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டை ஏர் ரைஃபிளில் போட்டு, நின்றபடி அந்தப் புள்ளியை அடித்தால் பத்து. வெளியே போகப் போக ஒன்பது, எட்டு, ஏழு.

கற்றுக்கொடுத்தவள் ரஹீமா. அவரைவிடப் பதினாறு வயது சின்னவள். மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியவள், அதிகம் பேசமாட்டாள். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

மாநிலப் போட்டிக்குப் போக முதலில் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். மூன்று வருஷமாக அமலநாதன் மயிரிழையில் தவறிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் பெல்லட் பழசு. அடுத்த வருஷம் பெல்லட்டில் ஈரம். போன வருஷம் மலிவு பெல்லட்டில் பழகிக் கை கெட்டுப்போச்சு. கேட்டவர்களிடம் எல்லாம் இப்படித்தான் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அவர் கையில் இருந்த ரைஃபிள் கிளப்புடையது. இந்த வருஷமும் தேறாவிட்டால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கமிட்டி சொல்லிவிட்டது. சொந்தமாக வாங்குவதென்றால் மில்லை விற்க வேண்டும். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் மூன்று பெல்லட் டப்பாக்களோடு ரஹீமாவிடம் வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"போட்டி பெல்லட்டை தினமும் சுட்டா கட்டுப்படியாகாது. பழகுறதுக்கு மலிவா ஒண்ணு வேணும். மலிவா இருந்தா குறி தப்புது. இந்த மூணுல எதை வாங்கட்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கிக் குழாயைத்தான் கேக்கணும்."

ரஹீமா மேஜையில் ஒரு இரும்பு வைஸை, பட்டறைகளில் இருக்குமே அந்தக் கவ்வியை, பொருத்தினாள். பழைய சைக்கிள் டியூபை ரைஃபிளில் சுற்றி, அது அசையாதபடி வைஸில் இறுக்கினாள். பிறகு ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்து ஐந்தாக எடுத்துச் சுட்டாள். தோளும் இல்லை, மூச்சும் இல்லை. விசையைத் தட்டுவது மட்டும்தான்.

மூன்று அட்டைகளையும் எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

நீல டப்பாதான் மூன்றில் விலை கூடியது. அதன் ஐந்து ஓட்டைகளும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. சிவப்பு டப்பா பரவாயில்லை. இருப்பதிலேயே மலிவு, மூடியில் கிளிப் படம் போட்ட டப்பா. அந்த அட்டையில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது.

"மிச்சம் நாலு எங்க மேடம்?"

"அதே ஓட்டைக்குள்ள போயிருக்கு."

அமலநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வாயெல்லாம் பல்லாக மறுநாளே கிளி டப்பாக்களை வாங்கி அடுக்கினார். மில்லில் வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த அட்டையைக் காட்டினார். இனி மாநிலப் போட்டிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார்.

பயிற்சி தொடங்கியபோது ரஹீமா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சுட்டதும் பக்கத்துல இருக்கிற தொலைநோக்கியில அட்டையைப் பாக்காதீங்க. எங்க போச்சுன்னு முதல்ல வாயால சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"விசை விழும்போது உங்க கண்ணு அங்கதானே இருந்துச்சு."

அமலநாதன் சுட்டார். "பத்து" என்றார். பார்த்தார். எட்டு.

"இந்த பெல்லட்..." என்று ஆரம்பித்தவர், வைஸில் சுட்ட அட்டை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

மறுபடி சுட்டார். "பத்து." பார்த்தால் ஏழு. கீழே, வலது பக்கம்.

முன்பெல்லாம் ஏழு விழுந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். டப்பாவைத் திட்டுவார், அடுத்ததைச் சுடுவார், மனசு லேசாகிவிடும். இப்போது திட்ட ஆள் இல்லை. அந்த ஏழு அங்கேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

நாள் போகப் போகக் கை மோசமானது. ஃபேன் காற்று என்றார். ஃபேனை நிறுத்தினார்கள். பக்கத்தில் சுடுகிறவர் இருமுகிறார் என்றார். அவர் பாவம், வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஏழும் எட்டும் மட்டும் போகவில்லை. அமலநாதன் ஒவ்வொரு முறையும் பத்து என்று சொல்வதையும் விடவில்லை.

தகுதிச் சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீல டப்பாவோடு வந்து நின்றார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கு இதுதான் கைக்கு ஒத்து வருது."

"வைஸ்ல பாத்தோமேண்ணே. சிதறிப் போச்சே."

"சிதறட்டும் மேடம். கிளி டப்பாவைத் தொட்டாலே கை நடுங்குது. நாளன்னைக்குப் போட்டி. துப்பாக்கியைப் பிடுங்கிருவாங்க. மனசு நிம்மதியா ரெண்டு நாள் பழகிக்கிறேனே."

ரஹீமா நீல டப்பாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சரிண்ணே. ஜாக்கெட்டைப் போட்டுட்டு வாங்க."

துப்பாக்கி சுடுகிறவர்கள் போடும் ஜாக்கெட் சாக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஜாதி. பட்டனும் பட்டையும் இழுத்து மாட்டி அமலநாதன் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அவர் வந்தபோது நீல டப்பா அவர் மேஜையில் மூடி திறந்து தயாராக இருந்தது.

சுட்டார். "பத்து" என்றார். பார்த்தார்.

ஏழு. கீழே, வலது பக்கம்.

அமலநாதனின் முகம் மலர்ந்தது. பல நாள் கழித்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா மேடம்! நான் பத்துலதான் விட்டேன். குண்டு இழுத்துருச்சு."

"ஆமாவா?"

"சத்தியமா! கண்ணு நடுவுலதான் இருந்துச்சு."

மறுபடி சுட்டார். எட்டு. மறுபடியும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் நீல டப்பாவைச் செல்லமாக ஒரு திட்டு திட்டினார். தோள் தளர்ந்தது, கையில் நடுக்கம் நின்றது. ஆனால் ஓட்டைகள் மட்டும் கீழே வலது பக்கமே கூடிக்கொண்டிருந்தன.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நிம்மதியா இருக்கு மேடம்."

ரஹீமா தன் பையிலிருந்து ஒரு பழைய சோப்பு டப்பாவை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். திறந்தாள். உள்ளே நிறைய பெல்லட் இருந்தது.

"இது என்ன மேடம்?"

"நீல டப்பாவுல இருந்தது."

அமலநாதனுக்கு முதலில் புரியவில்லை. மேஜையிலிருந்த நீல டப்பாவைப் பார்த்தார். எல்லாம் ஒரே ஈயம், ஒரே தட்டைத் தலை. இடம் மாற்றி வைத்தால் செய்தவனுக்கே அடையாளம் தெரியாது.

"அப்ப நான் இவ்வளவு நேரம் சுட்டது?"

"கிளி."

அமலநாதன் ரைஃபிளை மெதுவாக மேஜையில் வைத்தார். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் காதெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியே வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தார். இந்தச் சின்னப் பெண் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொன்னால் அதுவும் இன்னொரு குற்றவாளிதான் என்று அவருக்கே தெரிந்தது.

தொலைநோக்கியைக் காட்டிக் கேட்டார்.

"அந்த ஏழு?"

"உங்களோடதுண்ணே."

"போன வருஷத்து ஏழு?"

ரஹீமா நீல டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் மறுபடி ரைஃபிளை எடுத்தார். நீல டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். தோளில் வைத்தார். அந்தக் கிளப்புக்கு வந்த நாளிலிருந்து இத்தனை தனியாக அவர் நின்றதில்லை. பெல்லட் இல்லை, காற்று இல்லை, பக்கத்து ஆள் இல்லை. வட்டமும் தானும்தான்.

சுட்டார்.

தொலைநோக்கி பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அது பத்தாக இருந்துவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. வாயில் பத்துதான் முதலில் வந்தது. அதை விழுங்கினார்.

"எட்டு மேடம்" என்றார். "கீழ, வலது பக்கம். பயத்துல விசையைச் சட்டுனு இழுத்துட்டேன்."

ரஹீமா குனிந்து தொலைநோக்கியில் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"எட்டுதான். கீழதான், வலது பக்கம்தான்" என்றாள். "இங்க வந்ததுலேருந்து நீங்க சுட்டதுல நல்ல ஷாட் இதுதாண்ணே."