பூட்டிய முகங்கள்

இசக்கியம்மாளின் படம் வெளியே போய்விட்டது.

புருஷன் அடித்த அடி கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்று பெண்கள் உதவி மையத்தில் எடுத்த படம். முகமும் முதுகும். இப்போது ஊரில் பாதிப் போன்களில் அது இருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். மற்ற பெண்களும் எங்கள் படங்களை அழித்துவிடுங்கள் என்கிறார்கள். அழித்தால் சாட்சி போயிற்று.

வேறு யாரும் பார்க்க முடியாதபடி மையத்தின் படங்களைக் கணினி எண்களால் பூட்டியவர் அருள்வரதன். கல்லூரியில் பாடம் எடுப்பவர். நாற்பது தாண்டி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஹாஜிரா வயதில் அவரைவிடச் சின்னவர். அதிகம் பேசமாட்டார்.

அருள்வரதன் அவர் முன்னால் போய் நின்றார்.

“மேடம், என் பூட்டு உடையாது. ஒரு தொடக்க எண் கொடுத்தால் அதிலிருந்து தாறுமாறாக எண்கள் பிறந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் துளி மாறினாலும் வருவதெல்லாம் வேறு. அவற்றைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் கலக்கிறேன். தொடக்க எண் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் திறந்தாங்க?”

“எல்லாப் படத்துக்கும் அதே எண்ணா?”

“ஆமாம். யாராலும் ஊகிக்க முடியாத எண். எதுக்கு மாத்தணும்?”

“படம் பூட்டுற போனைக் கொடுங்க.”

ஹாஜிரா அதன் லென்ஸை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு படம் எடுத்தார்.

“இதைப் பூட்டுங்க.”

“இதில ஒண்ணுமே இல்லையே மேடம். வெறும் கறுப்பு.”

“பூட்டுங்க.”

பூட்டினார். அடுத்து அருள்வரதனின் முகத்தையே படம் எடுத்துப் பூட்டச் சொன்னார் ஹாஜிரா. பூட்டிய இரண்டையும் தன் கணினியில் ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு முகம் வந்தது. அருள்வரதன். மூக்குக் கண்ணாடிகூடத் தெரிந்தது.

தொடக்க எண்ணை ஹாஜிரா கேட்கவே இல்லை.

அருள்வரதனுக்குப் புரிந்தது. கறுப்பு என்றால் கணினிக்குப் பூஜ்யம். பூஜ்யத்தோடு எதைக் கலந்தாலும் கலந்ததுதான் மிஞ்சும். அவர் ஒளித்துவைத்த எண்களெல்லாம் அந்த வெறுங்கறுப்பில் வரிசையாக வந்து நின்றன. இதைச் செய்ய, படம் பூட்டும் போன் ஒன்று மையத்தில் யார் கைக்காவது கிடைத்தால் போதும்.

“எல்லாச் சோதனையும் செஞ்சேனே மேடம்.”

“எந்தப் படங்களை வச்சு?”

“இந்தத் துறையில எல்லாரும் வைக்கிறதுதான். குரங்கு, மிளகாய், படகு.”

“குரங்கு கோர்ட்டுக்குப் போகுமா?”

அருள்வரதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெஜினாகிட்டக் கொடுத்தீங்களா?”

ரெஜினா பக்கத்து ஆய்வகத்தில் இருப்பவள். பிறர் பூட்டை உடைத்துக் காட்டுவதுதான் அவள் ஆராய்ச்சி.

“அந்தப் பொண்ணா? அடுத்தவன் உழைப்பைக் குறை சொல்லியே பட்டம் வாங்கப் பார்க்குது.”

“கொடுங்க.”

படத்துக்குப் படம் தொடக்க எண் மாறும்படி செய்து எடுத்துப் போனார். மத்தியானமே ரெஜினா வந்துவிட்டாள்.

“சார், திறந்துடுச்சு. என் சாம்பார்கூட இன்னும் ஆறல.”

திருத்தினார். திறந்தாள். மறுபடி திருத்தினார். மறுபடி திறந்தாள்.

“உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?”

“இதுதான் சார் வேலை.”

வாரங்கள் போயின. வழக்கு நாள் நெருங்கியது. ஒரு காலையில் ரெஜினா, பூட்டிய படத்தைப் பூட்டியபடியே அவர் மேசையில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

“திறக்க முடியல சார்.”

இருவரும் மையத்துக்குப் போனார்கள். இசக்கியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இனிமேல் பயமில்லை என்று அருள்வரதன் சொல்லி முடிக்கவில்லை, அவள் திரும்பினாள்.

“போன தடவையும் இதத்தான சார் சொன்னீய?”

அவர் ரெஜினாவைப் பார்த்தார்.

ரெஜினா அவள் அருகில் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா, சார் செஞ்சதையெல்லாம் நான் உடைச்சேன். இப்ப உள்ளத மட்டும் உடைக்க முடியல. என்னைக்காவது உடைஞ்சா, முதல்ல உங்ககிட்ட வந்து சொல்லுவேன்.”

இசக்கியம்மாள் அந்தச் சிவந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய ஊரு பாத்தாச்சு. மத்தவளுவ படத்தையாவது நல்லாப் பூட்டுங்க. கேஸ் நடக்கட்டும்.”

திரும்பி வந்ததும் அருள்வரதன் நேராக ஹாஜிராவின் அறைக்குப் போனார்.

“இசக்கியம்மாள் வழக்கை நடத்துறாங்க மேடம். மத்த பெண்களும் இப்பப் படத்தை அழிக்கச் சொல்லல. தன்னால உடைக்க முடியலன்னு ரெஜினாவே அவங்ககிட்டச் சொன்னா. கடைசியில என் பூட்டை நம்பிட்டாங்க.”

“பூட்டையா?”

“பின்னே வேற எதை மேடம்?”

ஹாஜிரா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தோத்துட்டேன்னு போய்ச் சொன்னாளே, அவளை. ரெஜினாவை.”