கண்ணாடிப் பக்கத்துக் கூடு

"என்னைக் கொட்டுங்க சாமி" என்றார் நல்லசிவம்.

சாமி தரையில் குப்புறப் படுத்திருந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி அவருடைய வலது கண்ணில் இருந்தது. எதிரே ஓர் எறும்பு வெட்டுக்கிளியின் காலை இழுத்துக்கொண்டு போனது. அது புற்றுக்குள் போய்ச் சேரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மலையடிவாரத்துக் குடிலுக்கு ஞானம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் திரும்பிப் போனார்கள். பூச்சியில் என்ன தத்துவம் என்று கேட்டால், ஒன்றுமில்லை, பார்க்க நன்றாயிருக்கிறது என்பார். பெயர்கூடப் பாதிக்குத் தெரியாது அவருக்கு.

நல்லசிவம் திரும்பிப் போகிற ஆள் இல்லை. ராஜபாளையத்துப் பாத்திரக்கடையை மனைவி மரகதத்திடம் விட்டுவிட்டு வந்திருந்தார். காவி கட்டிவிட்டால் அப்புறம் வீடு கிடையாது. மரகதம் அழவில்லை. ஆகணும்னா ஆகுங்க, ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆகுங்க என்றாள். தாலி இருக்கணுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியணும், அடுத்த பௌர்ணமிக்கு வந்து கேட்பேன் என்றாள்.

சாமிக்குப் புரியாமல் போய்விடக் கூடாதென்று நல்லசிவம் விளக்கினார். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் வைத்துக் கொட்டும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும். தான் புழு. சாமி குளவி.

"கொட்டுறதைப் பார்த்திருக்கீங்களா?"

"பழமொழியே இருக்கே சாமி."

சாமி அவரைக் குடிலின் ஒரே கண்ணாடி ஜன்னலுக்கு அழைத்துப் போனார். வெளிப்பக்க மூலையில் மெல்லிய இடுப்புள்ள குளவி ஒன்று ஈரமண்ணைக் கண்ணாடியோடு சேர்த்து அப்பிக்கொண்டிருந்தது.

"இது முடியட்டும். கொட்டறேன்."

நல்லசிவம் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

குளவி மண் உருண்டையை வைத்து அழுத்தும்போது ரீங்காரம் செய்தது. போகும்போது சத்தமில்லை, வேலைக்கு மட்டும் அந்தச் சத்தம். பொழுது சாய்வதற்குள் ஒரு குடம் எழும்பியது. வாயில் விளிம்புகூட மடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் குடம் விற்றவர் அவர். இப்படி ஒரு விளிம்பைக் கையில் எடுத்ததில்லை.

வெளியே இருந்து பார்த்தால் அது வெறும் குடம். உள்ளே இருந்து பார்த்த நல்லசிவத்துக்குக் கண்ணாடியே அதன் ஒரு சுவர். முடியைவிட மெல்லிய இழையில் ஒரு முட்டை தொங்குவது தெரிந்தது. குளவி பச்சைப் புழுக்களைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக உள்ளே திணித்தது. வாயை மண்ணால் அடைத்தது. பறந்து போனது.

அது திரும்பி வரவேயில்லை.

கொட்ட யாருமில்லாத கூட்டை நல்லசிவம் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒருநாள் காலையில் எழுந்து சாமியிடம் ஓடினார். சாமி எருக்கஞ்செடி ஒன்றின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, புழு குளவியாகல. முட்டையிலிருந்து ஏதோ வந்து புழுவைத் தின்னுது. புழு சாகக்கூட இல்ல, அசையுது."

"ஆமா."

"அப்ப சொன்னவங்க பொய்யா சொன்னாங்க?"

"வெளிய நின்னு பார்த்திருப்பாங்க. உள்ள போனது புழு, வெளிய வந்தது குளவி."

நல்லசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் உங்களைக் கொட்டச் சொன்னேனே."

"அதான் கொட்டல" என்ற சாமி, செடியின் இலை ஒன்றைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

நாலைந்து நாள் ஜன்னல் பக்கமே போகாமல் இருந்துவிட்டு நல்லசிவம் பையைக் கட்டினார். எங்கே போவதென்று தெரியவில்லை. புழுவாகவும் இருக்க முடியாது, கடைக்குப் போனால் தெரு சிரிக்கும். வாசலுக்குப் போகிற வழியில் ஜன்னல் இருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றார்.

தின்று கொழுத்தது இப்போது தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து பட்டு போன்ற நூல் வந்தது. தன்னைச் சுற்றித் தானே திரை போட்டுக்கொண்டது, கண்ணாடிப் பக்கம் மட்டும் சல்லாத்துணிபோல உள்ளே தெரியும் அளவுக்கு மெல்லிசாக.

அவர் பையைக் கீழே வைத்தார்.

முகம் நெருங்கினால் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. நல்லசிவம் மூச்சை அடக்கினார். பிராணாயாமம் கற்றுத்தந்தவரிடம் வருஷக்கணக்கில் திட்டு வாங்கியும் வராத அது, இப்போது தானாக வந்தது.

திரைக்குப் பின்னால், தின்றது கரைந்து வேறொன்று ஆகிக்கொண்டிருந்தது. மெழுகில் செய்தாற்போல ஒரு வெள்ளை உருவம். இடுப்பு சிறுத்தது. கால்கள் நெஞ்சின்மேல் மடிந்திருந்தன. முதலில் கண்களில் மட்டும் நிறம் வந்தது. எதையும் பார்த்திராத கண்கள். அவை கறுப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் போனார், கூப்பிடாவிட்டால் மறந்தார். தீட்சை பற்றி அவர் கேட்கவில்லை. சாமியும் பேச்செடுக்கவில்லை.

பௌர்ணமியன்று மரகதம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். சாமி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

நல்லசிவம் வேட்டியில்தான் இருந்தார், காவி இல்லை. ஆனால் அவர் திரும்பவில்லை. அவள் பின்னால் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"மரகதம், நம்ம கடை ஜன்னல்ல ஒரு குளவிக்கூடு இருந்துச்சே."

"இருக்கு. இன்னொண்ணும் கட்டுது. இடிச்சிடணும்னு இருந்தேன்."

"இடிச்சிடாதே. நான் வந்து பார்க்கணும்."

அவர் தலையைச் சற்று நகர்த்தி இடம்விட்டார். மரகதம் கையிலிருந்த பையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தாள். கூட்டுக்குள் ஏதோ மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காய்ந்த சுவரில் ஈரப்பொட்டு ஒன்று படர்ந்து, நடுவில் துளை விழுந்தது.

"இதோட அம்மா எங்க?" என்றாள், தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தி.

"அன்னிக்குப் போனதுதான். இதைப் பார்த்ததே இல்ல."

"அப்ப இது எப்படிக் கூடு கட்டும்?"

நல்லசிவத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சாமி வந்து கதவருகில் நின்றார்.

"கூடு முடிஞ்சிருச்சே. கொட்டட்டுமா?"

"சத்தம் போடாதீங்க சாமி" என்றார் நல்லசிவம். "தலை இப்பத்தான் வெளிய வருது."