வெள்ளிச் சிமிழும் சந்தேக நபரும்

கொலுவில் வைத்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். இன்ஸ்பெக்டர் தணிகாசலம் வந்ததும், வேலைக்காரி பவுனம்மாவைத்தான் ஜீப்பில் ஏறச் சொன்னார். வேறு யாரைச் சொல்வார்?

"நான் திருடினேனா ஐயா?"

"திருடினேன்னு யார் சொன்னது? நீ சந்தேக நபர். காணாமப் போனப்போ வீட்டில் இருந்தவங்க எல்லாருமே சந்தேக நபர்தான். ஸ்டேஷனுக்கு வந்தே ஆகணும்."

"அப்போ நேத்து கொலுவுக்கு வந்து, அதே சிமிழில் குங்குமம் எடுத்துக்கிட்ட உங்க வீட்டம்மாவும் வரணுமே? ஜீப்பில் ஜன்னலோரம் அவங்களுக்கே விட்டுத்தர்றேன்."

"என் மனைவியையா சொல்றே? இப்பவே கேட்கிறேன், பார்!" என்று ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"என்னங்க, தாம்பூலப் பையில் வெற்றிலைக்கு அடியில் வெள்ளிச் சிமிழ்! அந்தம்மாவுக்கு என்ன தாராள மனசு!"

பை போட்டுக் கொடுத்த வீட்டுக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "சந்தேக நபர்னா திருடர்னு அர்த்தமில்லை."

"இதை என்னை ஜீப்பில் ஏறச் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா," என்று பவுனம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள்.