ஆடு தின்ன கிளை

ஒரு ஊர்ல ஒரு பஞ்சர் கடைக்காரரு இருந்தாரு. எந்த ஊரு? தென்காசிக்கு அங்கிட்டு, ஆனி பொறந்தா சாரல் சிலுசிலுன்னு முகத்துல அடிக்குமே, அந்தப் பக்கம். அவரு பேரு மாசானம். ஒண்டிக்கட்டை. ஆனா அவருக்கு ஒரு புள்ளை இருந்துது. என்ன புள்ளை சொல்லு?

ஆலமரம்! சிரிக்காதே, நெசமாத்தான். தட்டு மாதிரி ஒரு தொட்டியில, உன் முழங்கால் உசரத்துக்கு ஒரு ஆலமரம். விழுது கூட நூல் நூலாத் தொங்கும். வேரை அப்பப்போ நறுக்கி, கிளையைச் செப்புக் கம்பி சுத்தி வளைச்சு, வருஷக்கணக்கா வளத்தாரு. போன்சாய்னு சொல்வாங்க. சாயங்காலம் கடையைப் பூட்டினதும் கை கழுவிட்டு நேரா அதுகிட்டதான் போவாரு. "என்ன, இன்னிக்கு வெயில் சுட்டுதோ?"ன்னு கேப்பாரு. மரம் பதில் சொல்லுமா? சொல்லாது. இவரே "ம்"னுக்குவாரு. நீ சொல்றே பாரு, அது மாதிரி.

பக்கத்து வீட்டுல சுப்புத்தாய்னு ஒரு அக்கா. தனிக்கட்டைதான். அந்த அக்காகிட்ட சிட்டுன்னு ஒரு வெள்ளாடு. தாய் ஆடு செத்துப்போனதுல, குட்டியா இருக்கும்போதே பால் புட்டி குடுத்து வளத்தது. அக்கா எங்க போனாலும் பின்னாடியே டக்கு டக்குன்னு போகும்.

அப்புறம் ஒரு நாள், மாசானம் கடைக்குப் போன நேரம், வேலிப் படல் திறந்து கெடந்துது. சிட்டு உள்ள வந்துது. மோந்து பாத்துது. கறுக் முறுக், கறுக் முறுக்... ஒரு பக்கத்துக் கிளையை அடியோட தின்னுட்டுது!

அவரு வந்து பாத்தாரு. மரம் ஒரு கை இல்லாம நிக்குது. அப்போ வந்த கோவத்துல என்ன பேசினாருன்னு அவருக்கே தெரியல. "அந்த ஆட்டை வச்சுக்கிட்டு எங்கூடப் பேச வராதீங்க!"ன்னு கத்திட்டாரு.

சுப்புத்தாயி ஆட்டைக் கழுத்தோட அணைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில அவருக்கு வெக்கமாப் போச்சு. போய் நின்னாரு. "அக்கா, ஏதோ வாய் தவறிட்டுது. விடுங்க."

"நீ விட்டுருவே தம்பி. நான் எப்படி விட? அந்த மூளி மரத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கி. ஆடிச் சந்தையில சிட்டை வித்திருதேன்."

"சந்தையிலயா? கறிக்குல்லா வாங்குவான்!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா.

ம் சொல்லு. ம்... பயப்படாதே, கேளு.

அப்போ மாசானம் நெனச்சாரு, கிளை போனதுக்குத்தானே இந்தப் பேச்சு, கிளையைத் திருப்பிக் கொண்டாந்துட்டா? அதே மரத்து உச்சியில ஒரு கொப்பை நறுக்கி, போன எடத்துல பட்டையைக் கீறி, உள்ள சொருகி, டியூபைக் கிழிச்சு இறுக்கிக் கட்டினாரு. ஒட்டுக் கட்டுறதுன்னு சொல்றது இதைத்தான். ஆலமரத்துக்குப் பால் வருமில்ல? அது வடிஞ்சு வடிஞ்சு, கொப்பு ஒட்டவே இல்ல. இலை சருகாகி பொலபொலன்னு கொட்டிப்போச்சு.

அப்புறம் ரெண்டாந்தடவை. பாலை நல்லாத் தொடச்சு, வேற கொப்பு சொருகி, காத்துப் படாம பாலித்தீன் பையைக் கவுத்துக் கட்டினாரு. உள்ள முத்து முத்தா வேர்த்துது. ஆகா, புடிச்சுட்டுதுன்னு குதிச்சாரு. பையை அவுத்தா குப்புனு ஒரு நாத்தம். அழுகிப்போச்சு! மரத்துக்குப் பக்கத்துலயே தலையில கை வச்சு உக்காந்துட்டாரு.

அதுக்குள்ள ஆடியும் வந்துட்டுது. சந்தைக் கிழமை. சுப்புத்தாயி சிட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, புதுக்கயிறு கட்டிட்டா. மே... மேன்னு அது அவ சேலையைச் சப்புது. மாசானம் ஓடுனாரு. "அக்கா, நில்லுங்க! போகாதீங்க!"

ஓடுனவரு அக்கா வீட்டுக் கொல்லையில சட்டுனு நின்னாரு. அங்க ஒரு பெயிண்டு டப்பா. டப்பாவுல ஒரு ஆலங்கன்னு, விரல் மொத்தத்துல, தளதளன்னு.

"இது ஏதுக்கா?"

"கோயில் மதில்ல மொளைச்சுக் கெடந்துது. பேத்துக் கொண்டாந்து வளத்தேன். உனக்குத்தான். உன் மரத்துக்குப் பதிலா."

அவரு டப்பா முன்னாடி குந்தினாரு. "மரத்துக்கு மரம் வேண்டாம்க்கா. இதோட கையை மட்டும் குடுங்க. கன்னு அதோட வேர்லயே இருக்கட்டும், பக்கத்துல நிறுத்தி அப்படியே ஒட்டுவோம். நறுக்கினாத்தானே காயுது? ஆனா ஒட்டுறதுக்கு மாசக்கணக்காகும். ரெண்டு தொட்டியும் அசையவே கூடாது. நான் கடையில இருப்பேன். தண்ணி ஊத்த ஆளு வேணும்."

சுப்புத்தாயி கயித்தைப் பாத்தா. கன்னைப் பாத்தா. "அப்போ இன்னிக்குச் சந்தைக்குப் போவ முடியாதுல்லா?"ன்னா.

"முடியவே முடியாது!"

அப்புறம் என்ன, டப்பாவை அவரு வீட்டுக்குக் கொண்டு போய், மரத்துல ஒரு கீறல், கன்னுல ஒரு சீவல். காயத்தோட காயத்தை வச்சு டியூபால இறுக்கினாங்க. சிட்டு வேப்பமரத்துல கட்டிக் கெடந்து மேமேன்னு கத்துச்சு. தெனமும் அக்கா வருவா, தண்ணி ஊத்துவா. கடை மூடினதும் அவரு வருவாரு. "இன்னிக்கு எப்படிக்கா?" "நல்லாருக்கு தம்பி. நீ சாப்டியா?" ஒரு நாள் காத்து உய்ய்ய்னு அடிச்சு டப்பா சாயப் பாத்துது. அக்கா மழையில நனைஞ்சுக்கிட்டே அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாளாம், அவரு வர்ற வரைக்கும்!

தை மாசம் ஒட்டு முண்டு முண்டாப் பெருத்துப்போச்சு. இனிமே கன்னை அடியில அறுக்கணும். இத்தனை நாளும் அதோட வேர்ல தண்ணி குடிச்சுது, இனி பெரிய மரம் குடுக்கணும். குடுக்கலேன்னா அவ்வளவுதான். மாசானம் பிளேடை எடுத்தாரு. கன்னு மேல வச்சாரு, எடுத்தாரு, திரும்ப வச்சாரு.

"இங்க கொண்டா. நீ பிடி, நான் அறுக்கேன்"னா அக்கா.

சரக்!

வெயில் ஏற ஏற இலை துவண்டுது. ரெண்டு பேரும் ஈரத்துணி போத்துனாங்க. மாத்தி மாத்தி எட்டிப் பாத்தாங்க. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாள் விடியும்போது துணியை எடுத்தா... இலை நிமிந்து நிக்குது! நுனியில இளஞ்சிவப்புல ஒரு குருத்து, உன் சுண்டுவிரல் மாதிரி.

சுப்புத்தாயி சேலை முந்தியால கண்ணைத் தொடச்சா. "தம்பி, இந்தக் கிளை உன்னுதா, என்னுதா?"

மாசானம் டியூபை மெல்ல அவுத்தாரு. ஒட்டின எடம் எதுன்னு தடவிப் பாத்தாதான் தெரிஞ்சுது.

"அது அதுக்கே தெரியாதுக்கா. வாங்க, காப்பி போடுதேன்"ன்னாரு.

ம்...? ம் வரலையே. சரி, மரம் உறங்குது, சிட்டு உறங்குது, கதையும் படுத்துட்டுது. நீயும் உறங்கு, தங்கம்.