கீத்துக்கு ரெண்டு கொழுக்கட்டை

வாங்க, கிட்ட வந்து உக்காருங்க. நடுவுல யாரும் தண்ணி குடிக்க எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன். ம் கொட்டுறவங்களுக்குத்தான் கதை, கொட்டாவி விடுறவங்களுக்கு இல்லை.

ஏழு ஆத்துக்கு அந்தப் பக்கம், எட்டாவது ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊரை போசனராசான்னு ஒருத்தர் ஆண்டாராம். சண்டைக்குக் கூப்பிட்டா அவருக்குக் கால் வலிக்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா அதே கால் ஓடும். அப்படிப்பட்ட ராசா. அந்த ஊருல ஒரு பள்ளிக்கூடம், அதுல நாப்பது பிள்ளைங்க, ஒரே ஒரு வாத்தியார், மேல ஒரு கீத்துக் கூரை. கூரைன்னு பேருதான். அண்ணாந்து பார்த்தா கீத்தை விட வானம்தான் ஜாஸ்தியா தெரியும்.

அங்க பவளக்கொடின்னு ஒரு பொண்ணு படிச்சா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க அப்பத்தான் வந்திருந்துச்சு. வந்ததுல இருந்து அவளால சும்மா இருக்க முடியலை, கோயில் கல்வெட்டைப் படிப்பா, சத்திரத்துச் சுவத்தைப் படிப்பா, எதுவும் இல்லைன்னா வாத்தியாரோட சுவடியை எடுத்து விட்ட இடத்துல இருந்து படிப்பா.

ஒரு நாள் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கிட்டு சொன்னாரு. "பிள்ளைங்களா, ஐப்பசி மழைக்கு இன்னும் ரெண்டே மாசம். போன மழையிலேயே பாதி சுவடி ஊறிப் போச்சு. ராசாகிட்ட மூணு தடவை போய்க் கேட்டேன். மூணு தடவையும், சாப்பிட்டுட்டு வந்து பேசறேன்னு உள்ள போனவரு வெளிய வரவே இல்லை. மழைக்கு முன்னாடி கூரை மாத்தலைன்னா பள்ளிக்கூடத்தை மூடிட்டு நான் எங்க ஊருக்குப் போறேன்."

பவளக்கொடிதான் ரொம்பப் பயந்தா. ஏன்னா அவ அப்பா ஏற்கனவே சொல்லி வெச்சிருந்தாரு, பள்ளிக்கூடம் இல்லைன்னா ஆடு மேய்க்கப் போகணும்னு. ஆட்டு மேல அவளுக்கு ஒண்ணும் கோவம் இல்லை. ஆனா ஆட்டைப் படிக்க முடியுமா, சொல்லுங்க?

"கூரைக்கு எத்தனை கீத்து வேணுங்கய்யா?"ன்னு கேட்டா.

"நானூறு"ன்னாரு வாத்தியார். தென்னை ஓலையை முடைஞ்சு வெப்பாங்களே, அது நானூறு.

அவ பக்கத்துல சன்னாசின்னு ஒருத்தன் உக்காந்திருந்தான். வாத்தியார் கணக்கு கேட்டா இவன் கத்திரிக்காய்னு சொல்லுவான். ஊரே அவனை அசடுன்னுதான் கூப்பிடும். அவன் வயித்தைத் தடவிக்கிட்டே சொன்னான். "பவளம், நாம எல்லாரும் மத்தியானம் வைரவண்ணன் கடையில வடை திங்கிறோமா, அப்புறம் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருளுறோமா. உருளாத மாதிரி ஒரு பண்டம் செஞ்சு வித்தா, கீத்து குடுத்து வாங்கமாட்டாங்களா?"

பவளக்கொடி அவனையே பார்த்தா. அசடு பேசுற பேச்சா இது?

இந்த வைரவன் யாருன்னா, பள்ளிக்கூட வாசல்ல வடைச்சட்டி போட்டிருக்கவன். அவன் சட்டியில இருந்த எண்ணெய் கன்னங்கரேல்னு இருக்கும், எட்டிப் பார்த்தா மூஞ்சி தெரியாது. ஆனா வாசம் மட்டும் ஆளைக் கட்டி இழுக்கும். அரண்மனைக்கும் தினம் ஒரு கூடை வடை அவன்கிட்ட இருந்துதான் போகும். அதனால அவனைத் தட்டிக் கேக்க ஆளே இல்லை.

சரி, பவளக்கொடியும் சன்னாசியும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மூணு கல்லைக் கூட்டி அடுப்பு போட்டாங்க. உடம்புக்கு நல்லது கசக்கும்னு எங்கயோ கேட்டுட்டு, முதல் நாள் பாகற்காயை அரைச்சு, வேப்பங்கொழுந்தையும் சேர்த்து அடை சுட்டாங்க. பிள்ளைங்க ஆசையா வந்து ஆளுக்கு ஒரு வாய் வெச்சாங்க, அவ்வளவுதான், தூ தூன்னு துப்பிட்டு ஓடுனாங்க. ஒரு பொடிசு மட்டும் போகாம இடுப்புல கை வெச்சுக்கிட்டு கேட்டுச்சு. "அக்கா, நீ ஒண்ணு தின்னு காட்டு பாப்போம்."

பவளக்கொடி எடுத்து வாயில போட்டா. முழுங்க முடியலை. அவளுக்கு வெக்கமா போச்சு. தன்னால முழுங்க முடியாததை அடுத்தவனுக்குக் குடுத்தோமேன்னு அன்னிக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்கலை. மறுநாள் வந்து கரித்துண்டை எடுத்து சுவத்துல பெருசா எழுதுனா. "முதல் பண்டம் செஞ்சவங்க வாய்க்கு." அதுதான் அவங்க கடைச் சட்டம்.

ரெண்டாவது தடவை சுரைக்காய் அடை. அது என்னாச்சுன்னா, சட்டத்துப்படி சன்னாசி முதல்ல கடிச்சான், கடிச்ச வாயைத் திறக்க முடியலை. பல்லுல ஒட்டிக்கிட்ட அடையைத் தண்ணி ஊத்தி எடுத்தாங்க. அதை யாருக்கும் விக்கலை. சிரிக்காதீங்கடா, அவன் பாவம்.

மூணாவது தடவைதான் கை கூடி வந்துச்சு. பரங்கிக்காயைத் துருவி, முருங்கைக்கீரையை உருவி, அரிசி மாவுல போட்டு, தேங்காயும் இடிச்ச வேர்க்கடலையும் உப்பும் ரெண்டு பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைஞ்சு, பூவரச இலைக்குள்ள மடிச்சு ஆவியில வேக வெச்சாங்க. இலையைப் பிரிச்சதும் ஒரு வாசம் வந்துச்சு பாருங்க, வாத்தியார் பாடத்தை நிறுத்திட்டு எட்டிப் பார்த்தாரு. சன்னாசி முதல் கொழுக்கட்டையைத் தின்னான். ரெண்டாவதையும் தின்னான். மூணாவதுக்குக் கை நீட்டுனப்ப பவளக்கொடி கையிலேயே ஒரு அடி போட்டா.

"ஒரு கீத்துக்கு ரெண்டு கொழுக்கட்டை!"ன்னு கூவுனாங்க. ஊருல எல்லா வீட்டுலயும் தென்னை இருக்கு, எல்லாருக்கும் முடையத் தெரியும். பிள்ளைங்க தலையில கீத்தைச் சுமந்துக்கிட்டு வரிசையில வந்து நின்னாங்க. தின்னாங்க, யாரும் உருளலை, மறுநாளும் வந்தாங்க. பத்து கீத்து ஆச்சு, அம்பது ஆச்சு, நூறு ஆச்சு.

வைரவன் கடையில ஈதான் உக்காந்திருந்துச்சு. அவனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. நேரா தெருத்தெருவா போய் அம்மாமாருங்ககிட்ட பத்த வெச்சான். "உங்க பிள்ளைங்களுக்கு ஆட்டுத் தழையை அவிச்சுப் போடுறாங்க, தெரியுமா?"

அவ்வளவுதான், பத்து அம்மாமாருங்க சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு சண்டைக்கு வந்துட்டாங்க. பவளக்கொடி ஒரு கொழுக்கட்டையைக் கையில எடுத்தா. இலையைப் பிரிச்சு அவங்க முன்னாடியே தின்னு காட்டுனா. ஒரு அம்மா ஒரு விள்ளல் வாங்கி வாயில போட்டா, இன்னொரு அம்மா வாங்குனா, கடைசியில சண்டைக்கு வந்த பத்து பேரும் வீட்டுக்குப் போய் கீத்து எடுத்துட்டு வந்துட்டாங்க. நாளாக நாளாக இருநூறு கீத்து ஆச்சு.

வைரவன் பார்த்தான். காய் இருந்தாத்தானே பண்டம்னு, விடிஞ்சதும் சந்தைக்குப் போய் இருந்த பரங்கிக்காய், இருந்த கீரை, இருந்த தேங்காய் அத்தனையும் ஒண்ணு விடாம வாங்கி வண்டியில ஏத்தி வீட்டுக்குள்ள அடுக்கிட்டான். அடுக்கிட்டு, இனி என்ன பண்ணுவீங்கன்னு வந்து பார்த்தான். மூணு கல்லு அடுப்பு எரியுது. ஆவி பறக்குது. வரிசை நிக்குது.

"டேய் சன்னாசி, காய் எங்கடா வாங்குனீங்க?"

"வாங்குறதாண்ணே? பரங்கி எங்க குடிசைக் கூரையில காய்க்குது. முருங்கை எல்லார் வீட்டுக் கொல்லையிலயும் நிக்குது. இதுக்கு எதுக்குண்ணே சந்தைக்குப் போகணும்?"

வைரவனுக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. சந்தையில வாங்கி விக்கவே பழகுனவனுக்கு வேலி ஓரம் கண்ணுல படலை. வீட்டுல அடுக்குன காய் அழுகி நாறி, பொண்டாட்டி ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

இதுக்குள்ள முந்நூத்தி எழுபது கீத்து சேர்ந்துருச்சு. இன்னும் முப்பதுதான் பாக்கி. வானம் வேற மூட்டம் போட ஆரம்பிச்சுருச்சு. பவளக்கொடி ராவும் பகலுமா மேகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா.

அப்பத்தான் வைரவன் ராசாகிட்ட போனான். ஒரு கூடைக்கு ரெண்டு கூடையா வடையை வெச்சு, கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னான். "மகாராசா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க என்னத்தையோ அவிச்சு வித்து ஊரை நோயாளி ஆக்குறாங்க. விசாரிங்க மகாராசா." ராசா வாயில வடை இருந்துச்சு. அதோடவே தலையை ஆட்டிட்டாரு. உடனே தண்டோரா போட்டுட்டாங்க, நாளைக்கு விசாரணை, அதுவரைக்கும் கொழுக்கட்டை விக்கக் கூடாதுன்னு.

மறுநாள் பள்ளிக்கூட வாசல்லயே விசாரணை. ராசா வந்து உக்காந்தாரு, ஒரு கையால வயித்தைப் புடிச்சுக்கிட்டு. அவருக்கு அஞ்சு வருசமா வயித்து வலி. எந்த வைத்தியருக்கும் காரணம் புடிபடலை. உங்களுக்குப் புடிபட்டுருச்சா? சொல்லிராதீங்க, பேசாம கேளுங்க.

வைரவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னான். "மகாராசா, கெட்ட பண்டம் வித்தவங்களுக்கு என்ன தண்டனைன்னா, அவங்க பண்டத்தை அவங்களே திங்கணும். எல்லார் முன்னாடியும்!"

"நல்ல யோசனை. திங்கட்டும்"னாரு ராசா.

பவளக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டா. சன்னாசி ஒரு கொழுக்கட்டை தின்னான், ரெண்டு தின்னான், மூணு தின்னான், ஏழாவதையும் தின்னு முடிச்சுட்டு ராசாவைப் பார்த்துக் கேட்டான். "தண்டனை முடிஞ்சுருச்சுங்களா? இன்னும் கொஞ்சம் குடுங்களேன்."

கூட்டம் சிரிச்சுச்சு. பவளக்கொடி ராசா முன்னாடி போய் நின்னா. "மகாராசா, முதல் பண்டம் செஞ்சவங்க வாய்க்குங்கறது எங்க கடைச் சட்டம். வைரவண்ணனும் பண்டம் விக்கறாரு. அவரும் ஒரு வடை திங்கட்டும்."

"அதுவும் நியாயம்தான். தின்னு வைரவா."

வைரவன் முகம் வெளுத்துப் போச்சு. "இன்னிக்கு எனக்கு விரதம் மகாராசா."

"சரி, நாளைக்குத் தின்னு."

"நாளைக்குக் கிருத்திகை மகாராசா."

"நாளன்னிக்கு?"

"அன்னிக்கு எங்க பாட்டி தெவசம் மகாராசா."

சன்னாசிக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதே. "அண்ணன் என்னிக்குமே வடை திங்க மாட்டாருங்க. தினம் மத்தியானம் புளியமரத்தடியில உக்காந்து வீட்டுல இருந்து கொண்டாந்த கம்பங்கூழைத்தான் குடிப்பாரு. நான் தினம் பார்க்கறேனே!"

ராசா மெதுவா எந்திரிச்சாரு. சட்டிகிட்ட போய் எட்டிப் பார்த்தாரு. "இந்த எண்ணெயை எப்ப மாத்துன?"

"மாத்தறதுங்களா? குறையக் குறைய ஊத்துவேனுங்க. அடியில இருக்கறது... உங்கப்பா பட்டத்துல இருந்தப்ப ஊத்துனதுங்க."

ராசா வயித்தைத் தடவிப் பார்த்தாரு. அஞ்சு வருச வலியோட காரணம் சட்டியில கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. "நீ வாயில வெக்காததையாடா எனக்குப் போட்ட? நாப்பது பிள்ளைங்களுக்குப் போட்ட?"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு. "நீ சொன்ன தண்டனைதான். தின்னு!"

முதல் வடைக்குக் கண்ணு பிதுங்குச்சு. ரெண்டாவது வடைக்கு வயிறு உறுமுச்சு. மூணாவது வடைக்கு வேட்டியை இழுத்துப் புடிச்சுக்கிட்டு குளத்தங்கரையைப் பார்த்து ஓடுனான், ஓடுனான், ஓடிக்கிட்டே இருந்தான். நாப்பது பிள்ளைங்களும் கைதட்டுனாங்க.

திரும்பி வந்தவன்கிட்ட ராசா சொன்னாரு. "மீதிக் கீத்தை நீ முடைஞ்சு குடு. கூரையும் நீயே ஏறி வேயி. அப்புறம் புது எண்ணெய் ஊத்தி வடை சுடு, ஒவ்வொரு நாளும் முதல் வடை உன் வாய்க்கு." சொல்லிட்டு பவளக்கொடி பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சமா, "ஏ புள்ள, எனக்கு ரெண்டு கொழுக்கட்டை தர்றியா?"ன்னாரு.

"கீத்து கொண்டாந்தீங்களா மகாராசா?"

மந்திரிக்கு உசிரே போயிருச்சு. ஆனா ராசா கோவிச்சுக்கலை. கிரீடத்தைக் கழட்டி மந்திரிகிட்ட குடுத்துட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்து, பச்சைப் பிள்ளைங்க சொல்லச் சொல்ல ஒரே ஒரு கீத்து முடைஞ்சாரு. அதைத் தலையில சுமந்துக்கிட்டு வரிசையில கடைசி ஆளா நின்னாரு. ரெண்டு கொழுக்கட்டை வாங்குனாரு. தின்னாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்கு வயிறு வலிக்கலை. பள்ளிக்கூடத்துக்கு மூணு தடவை கதவைச் சாத்துனோமேன்னு அவருக்கு மனசுதான் வலிச்சுச்சு.

வைரவன் இருபத்தொம்பது கீத்து முடைஞ்சான், ராசா கீத்தோட நானூறு. கூரை வேய்ஞ்சு அவன் ஏணியை விட்டு இறங்குறான், பொட்டுன்னு முதல் தூறல் விழுகுது. அப்புறம் சோன்னு புடிச்சுக்கிச்சு மழை. உள்ள நாப்பது பிள்ளைங்களும் அண்ணாந்து பார்த்தாங்க. எங்கயும் ஒழுகலை, ஒரே ஒரு இடம் தவிர. அது ராசா முடைஞ்ச கீத்து.

பவளக்கொடி சுவடியைத் தூக்கிக்கிட்டு ரெண்டடி தள்ளி உக்காந்து, மழைச் சத்தத்துக்கு மேல குரலை உசத்தி, விட்ட இடத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சா.

தான் திங்காததை ஊரான் பிள்ளைக்கு விக்கக் கூடாது, அவ்வளவுதான் கதை. கொழுக்கட்டை அவங்க வயித்துல, கதை உங்க காதுல, எனக்கு வெறும் வாய்தான் மிச்சம், போங்க.