மூன்றாவது சறுக்கல்

“கூட்டம் நிக்க மாட்டேங்குதே அக்கா” என்றான் பொன்னுலிங்கம்.

சென்னம்மா நிமிரவில்லை. மேளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பது. ஆனாலும் அவன் அக்கா என்பான், அவள் அண்ணே என்பாள். தொழிலுக்கு ஒரு மரியாதை, வயதுக்கு ஒரு மரியாதை.

அவன் பனையேறி. இருபது வருஷம் ஏறிய மரங்களை ஒரே வாரத்தில் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். உயரத்தில் நிற்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதனால் சந்தைக்குச் சந்தை கயிறு கட்டி வித்தை காட்டும் சென்னம்மாவிடம் வந்து சேர்ந்தான். மூன்றே மாதத்தில் கயிற்றில் நடந்தான்.

நடந்தான், அவ்வளவுதான். ஜனங்கள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கருவாடு வாங்கப் போனார்கள்.

“ஒரு தடவைகூட விழலியே நான். பெறவு ஏன் போறாவ?”

“அதான் போறாங்க. ரோட்டுல நடக்கிற மாதிரி நடக்கறீங்க. ரோட்டுல அவங்களே நடப்பாங்க, அண்ணே.”

மறுநாள் அவள் பொய்ச் சறுக்கல் சொல்லிக் கொடுத்தாள். ஒரு காலை நழுவ விட வேண்டும். மற்ற முழங்கால் மடிந்து கயிற்றைக் கவ்விக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தொங்கிவிட்டு எழ வேண்டும்.

பனை ஏறிய காலுக்கு அது ஒரு வேலையே இல்லை.

“ஏறுமுன்ன எனக்கு விரல் காட்டணும்” என்றாள். “ரெண்டு விரல்னா ரெண்டு சறுக்கல் பொய். அப்ப மேளம் நிக்காது. அதுக்கு மேல ஒண்ணு வந்தா நெசம். மேளத்தைப் போட்டுட்டு ஓடி வருவேன்.”

“வந்து? எழுவது கிலோவைப் பிடிச்சிருவீயளா?”

“பிடிக்க முடியாது. தள்ளிவிட முடியும். கை போகும், கால் போகும். தலை தப்பும்.”

அவன் சிரித்தான்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பொன்னுலிங்கம் இரண்டு விரல் காட்டிவிட்டு ஏறினான்.

முதல் சறுக்கலில் கூட்டம் “ஐயோ” என்றது. இரண்டாவதில் ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

பனையிலிருந்து அவன் மூன்று முறை வழுக்கியிருக்கிறான். அவனுக்காக யாரும் ஐயோ என்றதில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பாவம், அந்த ஆசையில் கணக்கை மறந்தான்.

மூன்றாவதாகவும் சறுக்கினான்.

மேளம் நின்றது. சென்னம்மா ஓடினாள். கயிறு கட்டிய முளையில் கால் தட்டி விழுந்து, எழுந்து, அவனுக்கு நேர் கீழே வந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“சும்மாத்தான் அக்கா!” என்றான் அவன், தலைகீழாகத் தொங்கியபடி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விசில் பறந்தது.

அவள் முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்கால்வரை வழிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மேளத்தைப் பழுது பார்த்தாள். கீழே போட்டதில் தோல் கிழிந்திருந்தது. பக்கத்திலேயே நான்கு பழைய ஒட்டுகள்.

“இதெல்லாம் எப்பக் கிழிஞ்சது?” என்றான் பொன்னுலிங்கம்.

“எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரி சும்மா சறுக்குவாரு. நாலு தடவை மேளத்தைப் போட்டுட்டு ஓடினேன்.”

“அஞ்சாவது தடவை?”

“அடிச்சுட்டே இருந்தேன்.”

அவள் பசையைத் தடவி விரலால் அழுத்தினாள். ஒட்டு காய்கிறவரை விரலை எடுக்கவில்லை.

வெயில் ஏறியதும் சந்தையில் மூங்கில்களை நட்டார்கள். கயிறு கட்டினார்கள். பொன்னுலிங்கம் கயிற்றை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

“அக்கா, இன்னைக்குக் கணக்குக்கு மேல சறுக்குனா ஓடி வருவீயளா?”

“தெரியல, அண்ணே” என்றாள் சென்னம்மா. “அவரு விழுந்த அன்னைக்கும் ஓடணும்னுதான் நெனச்சேன். பொய்யா இருக்கும்னு கை நிக்கல.”

அவன் அவளிடம் விரல் காட்டவில்லை. கையை மூடிக் காட்டினான்.

மேளம் தொடங்கியது.

முதல் எட்டு வைத்தான். பாதத்தின் கீழ் கயிறு இருக்கிறதா என்று பெருவிரலால் தடவிப் பார்த்து அடுத்த எட்டு வைத்தான். இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்தது. மனைவியின் பெயரை முணுமுணுத்தான். மேளம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்குமா நிற்காதா என்று அவனுக்குத் தெரியாது.

கருவாட்டுக்காரி தராசைக் கீழே வைத்தாள். பஸ்ஸுக்கு ஓடியவன் நின்றான். யாரும் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

மறுமுனைக்கு வந்து மூங்கிலைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மண்ணில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துக்கொண்டான்.

சென்னம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னைக்குக் கூட்டம் நின்னுச்சு, அண்ணே.”

“எந்தக் கூட்டம்?” என்றான்.